மலையோரக் குடியிருப்புக்கு நூறு நாள் வேலை, பொதுநிதி, தொழில்கடன்: எதை எங்கே கேட்க வேண்டும்?

மலையடிவாரம் (கேள்வி, ஜூன் 2025; கீழே வரும் தொகை, விதி எல்லாம் அன்றைய நிலை)

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் வடக்கு ஓரம், திருவட்டார் ஒன்றிய மலைப்பகுதியில் இருக்கும் ஒரு குடியிருப்புக்காகக் கேட்கிறேன். மொத்தம் 58 குடும்பம். அதில் 40 காணிக்காரர் பழங்குடிக் குடும்பங்கள், வன உரிமைப் பட்டா வைத்திருப்பவர்களும் உண்டு. மீதிப் பேர் ரப்பர் தோட்டக் கூலிகள். மழை தொடங்கியதும் பால்வெட்டு நின்றுபோகும், பிப்ரவரி மார்ச்சில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போதும் அதே கதைதான். அந்த மாதங்களில் கையில் வேலை வேண்டும்.

கேள்விகள் இவை. ஒன்று, நூறு நாள் வேலை "பணி ஒதுக்கீடு வரவில்லை" என்றே தட்டிக்கழிகிறது. இதற்கு என்ன செய்வது? இரண்டு, குடியிருப்பில் ஒரு கூடமும் ஒரு கிலோமீட்டர் பாதையும் வேண்டும். இடம் வனத்துறை எல்லைக்குள் வருகிறது. எந்த நிதியில் கேட்கலாம்? மூன்று, தேனும் நல்லமிளகும் கிராம்பும் கொஞ்சம் பதப்படுத்தி விற்கலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். மானியக் கடன் எதில் எடுப்பது நல்லது? பழங்குடிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில் எல்லாம் சேர்த்துக் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

---

அளவுப்புத்தகம்

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் ஊராட்சி என்று இருக்கிறதா, பேரூராட்சி என்று இருக்கிறதா? நம்ம மாவட்டத்தில் பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. இங்கே ஊராட்சி 95, பேரூராட்சி 50-க்கும் மேல். பேச்சிப்பாறை ஊராட்சி. கடையால், குலசேகரம், திற்பரப்பு, பொன்மனை எல்லாம் பேரூராட்சி. பேரூராட்சி என்பது சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சி. காடும் மலையுமாகக் கிடந்தாலும் அங்கே நூறு நாள் வேலை கிடையாது, ஏனென்றால் நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊரகப் பகுதி என்ற வரையறையிலேயே அது வராது. ஒரே குடியிருப்பில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் வேலை அட்டை இருக்கும், அந்தப் பக்கம் இருக்காது. அந்தப் பக்கத்து ஆட்கள் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கு அலைந்து பயனில்லை. மாநில அரசின் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று ஒன்று 2021-22-ல் தொடங்கினார்கள், ஆனால் அது தேர்ந்தெடுத்த சில நகர அமைப்புகளில் மட்டும். உங்கள் பேரூராட்சி அதில் உண்டா என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள்.

ஊராட்சிப் பக்கம் என்றால் இப்படிப் போங்கள். "ஒதுக்கீடு வரவில்லை" என்பது சட்டத்தில் இல்லாத பதில். வேலை கேட்டு எழுதிக் கொடுத்த 15 நாளுக்குள் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி கொடுக்க வேண்டும், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன் பிறகு பாதி. 2025-26-க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய், ஆக படி 84 ரூபாயில் தொடங்கும். இந்தப் பணத்தை மாநில அரசு தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதால், தேதி போட்ட ரசீது கொடுக்க யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். வாயால் கேட்டால் கேட்டதாகவே கணக்கில் வராது, விஷயம் இவ்வளவுதான்.

வேலை கேட்கும் விண்ணப்பமான படிவம் 6-ல் எழுதுங்கள். தொடர்ச்சியாகக் குறைந்தது 14 நாள் என்று கேட்க வேண்டும், "எப்போது இருந்தாலும்" என்று எழுதினால் செல்லாது. பெயர், வேலை அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது தெளிவாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து பேர் ஒரே மனுவாகக் கொடுத்தால் ஒரு குழுவுக்கான வேலையைத் தொடங்குவது அவர்களுக்கும் சுலபம். ஊராட்சி செயலர் ரசீது தராவிட்டால் அதே மனுவை பி.டி.ஓ.வுக்கு (கிராம ஊராட்சி) ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 2025 ஜனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, இப்போது தனி அலுவலர்தான் பொறுப்பு, ஆகவே "தலைவர் இல்லை" என்பதும் பதில் ஆகாது.

மனு கொடுக்கும் காலம் முக்கியம். ஜூன் மழைக்கு வேலை வேண்டுமென்றால் மே நடுவிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும். இலையுதிர் காலத்துக்கு ஜனவரி முதல் வாரம். ஒரு நிதியாண்டின் நூறு நாளையும் ஏப்ரல், மேயில் தீர்த்துவிட்டால் பிப்ரவரியில் கையை விரிக்க வேண்டியதுதான். குடும்பத்துக்கு 100 என்பதை ஜூன், ஜூலையில் 50, பிப்ரவரி, மார்ச்சில் 50 என்று பிரித்துக் கேளுங்கள்.

வன உரிமைப் பட்டா வைத்திருக்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கு, அந்த நிலத்தைத் தவிர வேறு சொந்த நிலம் இல்லையென்றால், 100-க்கு மேல் 50 நாள் கூடுதலாக உண்டு. அட்டையில் அந்தக் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் 100-லேயே கணினி நிறுத்திவிடும். பட்டா நகலோடு தனியாக ஒரு மனு கொடுத்தால் ஏற்றுவார்கள்.

கூலி குறைகிறது என்ற புகாருக்கு ஒரு வார்த்தை. 336 என்பது முழு அளவு வேலைக்கு. குழு வெட்டியதை அளந்து, வந்த தொகையை ஆள்நாளால் வகுத்துத்தான் போடுவார்கள். நம்ம மலைச்சரிவில் மேலே ஓரடி மண், கீழே சரளையும் பாறையும். சாதாரண மண் என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டால் நாள் முழுக்க கடப்பாரை அடித்தாலும் அளவு வராது. மண் வகையை வேலை தொடங்கும் முன் ஓவர்சியரை எழுத வைக்க வேண்டும், முடிந்த பிறகு குழியைக் காட்டிச் சண்டை போட்டு லாபமில்லை. 4 மீட்டர் நீளம், 0.6 அகலம், 0.6 ஆழம் உள்ள சம உயரக் குழி (சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டுவது) ஒன்று 1.44 கன மீட்டர். எத்தனை குழி, எந்த மண், தூக்கிப் போட்ட உயரம் எவ்வளவு, இந்த மூன்றையும் குழுவில் ஒருவர் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும்.

---

கோதையாற்றுக்கரை

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் மலையில் பெரிய தொல்லை வருகைப் பதிவு. செயலியில் காலையில் ஒரு படம், நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம். சிக்னல் இல்லாத இடத்தில் பணித்தளப் பொறுப்பாளர் "ஏறல" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பினால் ஏமாற வேண்டாம். வருகைப் பட்டியலை மட்டும் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டால் போதும், படத்தைச் சிக்னல் இல்லாமலும் எடுத்து வைத்துக்கொண்டு கீழே வந்ததும் ஏற்றலாம். அன்றைக்கே ஏற்ற மறந்தால்தான் நாள் போகும். செயலியால் முடியவே முடியாத இடத்துக்கு மாவட்ட ஆட்சியர் விலக்கு தரலாம், அதற்கு பி.டி.ஓ. எழுத வேண்டும். எந்த நாளில், எந்த வேலையிடத்தில் ஏறவில்லை என்று தேதியோடு மனு கொடுங்கள். "எங்கள் ஊரில் டவர் இல்லை" என்ற பொதுப் புகாருக்கு யாரும் எழுத மாட்டார்கள்.

இரண்டாவது தொல்லை ஆதார் வழிப் பணம். 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாயிற்று என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வேறு, ஆதார் எண்ணைத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் இணைப்புப் பட்டியலில் ஏற்றுவது வேறு. வங்கியில் "நேரடி மானியம் வரும் கணக்காக இணைக்கவும்" என்ற ஒப்புதல் படிவம் தனியாகக் கொடுக்க வேண்டும். பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். மகன் செல்போன் கடையில் அம்மா பெயரில் புதுக் கணக்குத் தொடங்கியிருந்தால் கூலி அங்கே கிடக்கும், பழைய பாஸ்புக்கைத் திரும்பத் திரும்பப் பதிந்து பிரயோஜனம் இல்லை. வேலை அட்டையிலும் ஆதாரிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலே நிற்கும்.

கூலி வராதபோது, பணப் பரிமாற்ற ஆணை உருவாகவில்லையா, உருவாகி நிராகரிக்கப்பட்டதா, மேலே நிதி இல்லாமல் நிற்கிறதா என்று கேளுங்கள். முதலாவது ஒன்றிய அலுவலகத்தின் வேலை. இரண்டாவது வங்கி, ஆதார்ப் பிரச்சினை. மூன்றாவதற்குச் செயலரைத் திட்டி எதுவும் ஆகாது, கூலி ஒன்றிய அரசிலிருந்து நேராக வருகிறது. வருகைப் பட்டியல் முடிந்த 16-ஆம் நாளிலிருந்து தாமதத்துக்கு ஒரு நாளுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு உண்டு. 14 நாள் கூலியான 4,704 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட வராது, இருந்தாலும் எழுதிக் கேட்டால் தாமதம் பதிவாகும்.

---

மலையடிவாரம்

நன்றி அண்ணாச்சி, தெளிவாகப் புரிந்தது. 41 வீடு ஊராட்சி, 17 வீடு பேரூராட்சி. கூடமும் பாதையும் பற்றி யாராவது சொல்ல முடியுமா? நூறு நாள் வேலையிலேயே சிமெண்ட் ரோடு போடலாமா?

---

அளவுப்புத்தகம்

போடலாம், ஆனால் கணக்கு இடம் கொடுக்க வேண்டும். கூலிக்கு 60, பொருளுக்கும் கொத்தனார் கூலிக்கும் 40 என்பது விகிதம். 41 குடும்பமும் ஆளுக்கு 50 நாள் வேலை செய்தால் கூலி 6,88,800. அதற்கு எதிரே பொருள் செலவு 4,59,200 வரைதான் தாங்கும். ஒரு கிலோமீட்டர் சிமெண்ட் ரோடு இதில் நடக்காது. செங்குத்தான வளைவு இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கான்கிரீட், மீதியைச் சமன்படுத்தி, ஓரத்தில் கல்லடுக்கி ஓடை வெட்டுவது என்று கேட்டால் மதிப்பீடு நிற்கும். மழைநீர் குறுக்கே ஓடும் இடத்தில் வடிகால் வைக்காமல் ரோடு மட்டும் போட்டால் அடுத்த ஜூனில் அது ஆற்றில் கிடக்கும்.

தனிநபர் வேலைகளை மறக்க வேண்டாம். பழங்குடிக் குடும்பத்துக்கும் வன உரிமைப் பட்டாதாரருக்கும் தங்கள் சொந்த நிலத்திலேயே வரப்பு, பண்ணைக்குட்டை, தோட்டக்கலை நடவு, ஆட்டுக்கொட்டகை எல்லாம் எடுக்கலாம். நிலத்துக்காரரும் அட்டை வைத்துக்கொண்டு அதில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். மழையில் ஆட்களை ஐந்து கிலோமீட்டர் நடக்க வைப்பதைவிட இது மேல். ஐந்துக்கு அப்பால் வேலை கொடுத்தால் கூலியில் 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும், அதையும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

---

தீர்மான எண்

வன எல்லைக்குள் கட்டடம் என்றதும் எல்லாரும் டெல்லி வரை போக வேண்டும் என்று பயப்படுகிறார்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-ஐப் பாருங்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, மழைநீர்ச் சேமிப்பு, சாலை, தொழிற்பயிற்சி மையம், சமுதாயக் கூடம் என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமலும் இருந்தால், மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே அனுமதி முடியும். கிராம சபைப் பரிந்துரை கட்டாயம்.

செய்யும் முறை இது. வேலையைச் செய்யப்போகும் துறை, உங்கள் விஷயத்தில் ஒன்றிய அலுவலகம், கிராம சபைத் தீர்மானத்தோடு வனச்சரகருக்கு விண்ணப்பிக்கும். சரகர் இடத்தைப் பார்த்து அறிக்கை அனுப்புவார். வன அலுவலர் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். பெரும்பாலும் கோப்பு நிற்பது சரகரிடம் இல்லை, அதற்கு முன்பே: தீர்மானத்தில் "ரோடு வசதி செய்து தர" என்று மொட்டையாக எழுதி, நீளம் அகலம் போடாமல் விடுவதால். எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எத்தனை மரம், எந்த வகை வசதி என்று தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். 1,000 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்றால் 0.4 ஹெக்டேர், வரம்புக்குள் நிற்கும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு இப்போதே மனுவைத் தனி அலுவலரிடம் கொடுத்துப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதை விட்டால் அக்டோபர் 2, பிறகு நவம்பர் 1. வன உரிமை விஷயத்துக்குக் கூடும் சபையில் பாதிப் பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கையெழுத்து குறைந்தால் அந்த ஒரு காரணத்துக்கே திருப்பி விடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. "பதப்படுத்தும் கூடம்" அந்த 13-ல் இல்லை. தனி ஆள் கடன் வாங்கி இயந்திரம் வைக்கும் கொட்டகைக்கு இந்தப் பிரிவில் அனுமதி கேட்டால் கூடத்துக்கான அனுமதியும் சேர்ந்து கெடும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், இயந்திரத்தை அடிவாரத்தில் வருவாய்ப் பட்டா நிலத்தில் வாடகைக்கு வையுங்கள்.

நிதிக்கு வருகிறேன். ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்குத் தரும் 15-ஆவது நிதிக்குழு மானியத்தை இப்போது நம்ப வேண்டாம், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வந்தாலும் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்ட பணம், ரோட்டுக்கு எடுக்க முடியாது. கூடத்துக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி பொருந்தும். நாடாளுமன்ற உறுப்பினர் நிதியில் 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிக்குச் செலவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது, குமரி முழுவதும் தேடினாலும் அதைக் கேட்க உரிமையுள்ள குடியிருப்புகள் மலையோரத்தில்தான். மனுவில் இந்த விழுக்காட்டைக் குறிப்பிட்டே எழுதுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் செலவின் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகக் கட்ட வேண்டும், 58 குடும்பத்துக்கு அது பாரம். எந்த நிதியானாலும் வன அனுமதி இல்லாமல் நிர்வாக அனுமதி வராது. நிதியை முதலில் பிடித்துவிட்டு அனுமதியைப் பிறகு பார்க்கலாம் என்று போனால் நிதியாண்டு முடிந்து பணம் திரும்பிவிடும்.

---

வழிப்போக்கன்

பி.எம். ஜன்மனில் வீடு, ரோடு, அங்கன்வாடி எல்லாம் ஒரே மூச்சில் வருமே, இவ்வளவு சுற்று எதற்கு?

---

தீர்மான எண்

அது மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேர்தான். காணிக்காரர் பழங்குடிப் பட்டியலில் உண்டு, இந்த ஆறில் இல்லை. அந்தத் திட்டத்தின் பெயரில் மனு எழுதினால் "தகுதியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு வருடம் வீண்.

---

தேனடை

மூன்றாவது கேள்விக்கு. ஆறு லட்சம் ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், ஊரகப் பகுதிப் பழங்குடி விண்ணப்பதாரருக்கு மானியம் 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம். ஆக 30,000 நீங்கள் போட, வங்கி 5,70,000 கடன் தரும், மானியம் 2,10,000. இந்த மானியம் கையில் வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வட்டியில்லா வைப்பாக நிற்கும், அந்தத் தொகைக்குக் கடனில் வட்டியும் போட மாட்டார்கள். மூன்று வருடத்துக்குள் தொழில் மூடினால் மானியம் திரும்பிப் போகும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்குக் கிடையாது, புதிய தொழிலுக்குத்தான். நகரப் பகுதிக்கு மானியம் 25 சதவீதமாகக் குறைகிறது, ஆகவே அந்த 17 வீட்டுக்காரர்கள் தங்கள் வார்டு எதில் வருகிறது என்று நாகர்கோவில் கோணம் என்ற இடத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகு விண்ணப்பியுங்கள்.

தாட்கோவின் (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) சி.எம். அரைஸ் (CM-ARISE) திட்டத்தில் 35 சதவீதம் அல்லது மூன்றரை லட்சம், எது குறைவோ அது. கூடவே 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆதிதிராவிடருக்கும் பழங்குடிக்கும் மட்டும். காணிக்காரர் இளைஞர்களுக்கு ஆறு லட்ச அளவுக்கு இதுவே மேல் என்பது என் கணிப்பு. மற்ற 18 குடும்பத்தார் பிரதமர் திட்டமோ மாநில அரசின் வேலையில்லா இளைஞர் திட்டமோ பார்க்கலாம், பின்னதில் மானியம் 25 சதவீதம், உச்சம் 3.75 லட்சம். ஒரே தொழிலுக்கு இரண்டு மானியம் எடுக்க முடியாது.

கோப்பு எங்கே நிற்கும் என்றால், சாதிச் சான்றில். பழங்குடிச் சான்று தாசில்தாரிடம் இல்லை, கோட்ட அளவில், நமக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடம். விசாரணை இருக்கும், நாள் பிடிக்கும், அதை முதலில் தொடங்குங்கள். அடுத்தது அடமானம். வன உரிமைப் பட்டா வாரிசுக்குப் போகும், விற்கவோ அடகு வைக்கவோ முடியாது, வங்கி அதைத் தொடாது. அதனால்தான் பத்து லட்சத்துக்குள் திட்டத்தை வைக்கச் சொல்கிறேன், அதுவரை அடமானம் கேட்கக்கூடாது என்பது விதி. கிளை மேலாளர் கேட்டால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

தேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரப்பர்த் தேன் வடிவது இலை தளிர்க்கும் காலத்தில், ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ஈரம் அதிகம், சீக்கிரம் உறையும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தேனீ மெழுகால் மூடாத அடையை அவசரப்பட்டுப் பிழிந்தால் புளித்துப் பாட்டில் மூடி தெறிக்கும். ஆகவே திட்ட அறிக்கையில் பெட்டி எண்ணிக்கையைக் கூட்டாமல், ஈரம் குறைக்கும் கருவி, வடிகட்டி, ஈரமானி, பாட்டில் நிரப்பி என்று போடுங்கள். விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருடம் நூறு ரூபாய்தான். தேன் நாலு மாதம்தான், கிராம்பும் மிளகும் சேர்த்தால்தான் மற்ற மாதத் தவணை கட்ட முடியும், இதைப் பணவரவுக் கணக்கில் மாதவாரியாகக் காட்டாத அறிக்கையை வங்கி திருப்பும்.

வன் தன் மையம் (காட்டுப் பொருளைப் பதப்படுத்தி விற்கும் பழங்குடிக் குழுக்களின் மையம்) பற்றி யாராவது சொல்வார்கள். அது 20 பேர் கொண்ட 15 குழு, அதாவது 300 பேர் சேர்ந்தால் 15 லட்சம் வரை. உங்கள் ஒரு குடியிருப்பால் முடியாது. மோதிரமலை, குற்றியாறு போன்ற பக்கத்துக் குடியிருப்புகளோடு சேர்ந்தால் பேசலாம், ஆனால் 300 பேரின் வங்கிக் கணக்கு, ஆதார், குழுத் தீர்மானம் சேகரிக்க ஒரு ஆள் முழுநேரமாக வேண்டும்.

---

மலையடிவாரம்

இந்த வாரம் படிவம் 6, சாதிச் சான்று இரண்டும் போடச் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் 15-க்கான மனுவில் பாதையையும் கூடத்தையும் ஒரே தீர்மானமாக வைக்கலாமா, தனித்தனியாகவா?

---

தீர்மான எண்

தனித்தனியாக. ஒன்றில் மரக் கணக்குத் தகராறு வந்தாலும் மற்றது நகரும்.